கட்டணம் கட்டி வாங்கும் மலிவு

அமெரிக்காவின் மிகப் பெரிய கிடங்குக் கடை நிறுவனமான காஸ்ட்கோ, 2024 நிதியாண்டில் உறுப்பினர் கட்டணமாக மட்டும் ஏறத்தாழ 480 கோடி டாலர் வசூலித்தது. அந்த ஆண்டு அது விற்ற சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 25,000 கோடி டாலர். விற்பனையோடு வைத்துப் பார்த்தால் கட்டணம் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் அந்த ஆண்டின் செயல்பாட்டு லாபம் 930 கோடி டாலரை ஒட்டித்தான் இருந்தது. அதில் பாதிக்கும் மேல் கட்டணத்துக்கு ஈடு. பொருளை விற்பதில் அந்த நிறுவனம் அதிகம் சம்பாதிப்பதில்லை. பெயர்பெற்ற பிராண்டுகளுக்குக் கொள்முதல் விலைக்கு மேல் 14 சதவீதம், தன் சொந்த கிர்க்லண்ட் பிராண்டுக்கு 15 சதவீதம் என்று தனக்குத்தானே ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆகவே அங்கே பொருள் மலிவு என்பது உண்மை. அந்த மலிவுக்கான விலையை வாடிக்கையாளர் ஆண்டுத் தொடக்கத்திலேயே கட்டிவிடுகிறார் என்பதும் உண்மை. கட்டிய பணத்தை எந்தப் பொருள் திருப்பித் தருகிறது, எந்தப் பொருள் மேலும் கரைக்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த குடும்பத்துக்கு மட்டுமே அந்த உறுப்பினர் அட்டை லாபம். மற்றவர்களுக்கு ஆல்டி, லிடில் போன்ற மலிவு விலை மளிகைக் கடைகளே போதும். பல வீடுகளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இல்லை.

இரண்டு வகைக் கடைகளும் அமெரிக்காவில் ஒரே ஆண்டில் தொடங்கியவை. 1976இல் சால் பிரைஸ் என்பவர் சான் டியேகோவில் ‘பிரைஸ் கிளப்’ என்ற கடையைத் திறந்தார். 1993இல் காஸ்ட்கோவோடு இணைந்தது அதுதான். தொடக்கத்தில் அது சிறு வணிகர்களுக்கான கடை. உணவகம் நடத்துபவரும் பெட்டிக்கடை வைத்திருப்பவரும் வந்து பெட்டி பெட்டியாக எடுத்துப்போக வேண்டும் என்பதே ஏற்பாடு. பிறகு பொதுமக்களும் உள்ளே வந்தார்கள், சரக்கின் அளவு மட்டும் வணிகருக்கான அளவாகவே தங்கிவிட்டது. உணவகத்தில் இரண்டு நாளில் தீரும் மயோனைஸ் ஜாடி, நான்கு பேர் உள்ள வீட்டின் குளிர்பெட்டியில் மாதக்கணக்கில் கிடப்பது அதனால்தான். அதே 1976இல் ஜெர்மனியின் ஆல்டி, அயோவா மாநிலத்தில் தன் முதல் அமெரிக்கக் கடையைத் திறந்தது. அது விலையைக் குறைத்த வழி வேறு. சிறிய கடை, குறைந்த பணியாளர்கள், அட்டைப்பெட்டியோடு அப்படியே தட்டில் வைக்கும் சரக்கு, பெரும்பாலும் சொந்த பிராண்டுகள். தள்ளுவண்டியை எடுக்கக் கால் டாலர் நாணயம் போட வேண்டும், திருப்பி விட்டால் நாணயம் கிடைக்கும். வண்டிகளைச் சேகரிக்க ஆள் வைக்கும் செலவுகூட அங்கே விலையில் ஏறுவதில்லை. அளவோ சாதாரண வீட்டுக்கானது, நுழைவுக் கட்டணமும் கிடையாது.

காஸ்ட்கோ 2024 செப்டம்பரில் அடிப்படைக் கட்டணத்தை 60 டாலரிலிருந்து 65 ஆகவும், எக்ஸிக்யூட்டிவ் என்ற உயர்நிலை அட்டையின் கட்டணத்தை 120 டாலரிலிருந்து 130 ஆகவும் உயர்த்தியது. மற்றொரு கிடங்குக் கடையான சாம்ஸ் கிளப் 2022இல் அடிப்படைக் கட்டணத்தை 50 டாலராக்கியது. ஒரு குடும்பம் கிடங்குக் கடையில் வாங்கும் பொருள்கள், ஆல்டியில் கிடைப்பவற்றைவிட சராசரியாகப் பத்து சதவீதம் மலிவு என்று வைத்துக்கொள்வோம். 65 டாலரை மீட்கவே ஆண்டுக்கு 650 டாலருக்கு வாங்க வேண்டும். அதுவரை ஒரு சென்ட்கூட லாபமில்லை. ஐந்து சதவீதம்தான் வித்தியாசம் என்றால் 1,300 டாலர். எக்ஸிக்யூட்டிவ் அட்டை இரண்டு சதவீதத்தைத் திருப்பித் தருகிறது என்பதற்காகப் பலர் அதற்கு மாறுகிறார்கள். கூடுதலாகக் கட்டும் 65 டாலரை அந்த இரண்டு சதவீதத்தில் ஈட்ட ஆண்டுக்கு 3,250 டாலருக்கு, அதாவது மாதம் 270 டாலருக்குச் சற்று மேல், அங்கேயே வாங்க வேண்டும். இந்த ஒப்பீட்டை ஆல்டி விலையோடு செய்ய வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பக்கத்துத் தெருவின் விலை உயர்ந்த சூப்பர் மார்க்கெட்டோடு ஒப்பிட்டுவிட்டு, இவ்வளவு மிச்சம் என்று மகிழ்வதில் பயனில்லை. மலிவான கடை ஒன்று எட்டும் தூரத்தில் இருந்தால், அதுதான் அளவுகோல்.

அடுத்தது வீணாவது. அமெரிக்காவின் மொத்த உணவில் 30 முதல் 40 சதவீதம் வரை வீணாவதாக அந்நாட்டு வேளாண் துறை மதிப்பிடுகிறது. அதில் வீடுகளில் குப்பைக்குப் போவது பெரும்பங்கு. இங்கே எளிய கணக்கு ஒன்று உண்டு. பெரிய பொட்டலம் எத்தனை சதவீதம் மலிவோ, அதில் அத்தனை சதவீதம் கெட்டுப்போனால் லாபம் சுத்தமாகப் போய்விடும். ஒரு பவுண்டுக்கு 20 சதவீதம் குறைவான விலையில் கீரை வாங்கி அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தூக்கி எறிந்தால், சிறிய கட்டை முழு விலைக்கு வாங்கியதற்குச் சமம். நான்கில் ஒரு பங்கை எறிந்தால் நஷ்டம். கெடாத பொருளிலும் இதே கணக்கு வேறு வடிவில் வரும். பெரிய டப்பாவில் இருக்கும் பிஸ்கட்டும் சிப்ஸும் குழந்தைகளின் கைக்கு எளிதாக எட்டும், வழக்கத்தைவிட வேகமாகத் தீரும். ஒரு மாதத்துக்கு என்று வாங்கியது மூன்று வாரத்தில் முடிந்தால், அவுன்ஸுக்கு என்ன விலை கொடுத்தோம் என்பதைவிட மாதத்துக்கு என்ன செலவானது என்பதே உண்மையான விலை.

எனவே கிடங்குக் கடையில் வாங்கத் தகுந்தவை குறைவு, ஆனால் உறுதியானவை. வெள்ளை அரிசி காற்றுப் புகாத டப்பாவில் நெடுநாள் இருக்கும். துணி சோப்புத் தூள், பாத்திரம் கழுவும் திரவம், கழிப்பறைத் தாள், டயாப்பர் ஆகியவை கெடுவதே இல்லை, வாங்கியதற்காக அதிகம் தீர்வதும் இல்லை. (டயாப்பரில் மட்டும் குழந்தை அடுத்த அளவுக்கு வளர்வதற்குள் தீருமா என்று பார்க்க வேண்டும்.) பாதாம், முந்திரி, வால்நட் போன்றவற்றில் விலை வித்தியாசம் பெரும்பாலும் கணிசமாக இருக்கும். அவற்றில் எண்ணெய் உண்டு என்பதால் அலமாரியில் வைத்தால் சிக்குவாடை வந்துவிடும், உறைபெட்டியில் வைத்தால் பல மாதம் தாங்கும். ஒவ்வாமைக்கும் காய்ச்சலுக்கும் மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்கும் மாத்திரைகளில், கடையின் சொந்த பிராண்டும் பெயர்பெற்ற பிராண்டும் ஒரே மருந்தைத்தான் கொண்டிருக்கும். அங்கே கிடைக்கும் மிச்சம் நிஜமானது, ஆனால் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்க வேண்டும், சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் பூட்டி வைக்கவும் வேண்டும். மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளுக்கோ, காஸ்ட்கோ மருந்தகத்தை உறுப்பினர் அல்லாதவரும் பயன்படுத்தலாம். வாசலில் நிற்பவரிடம் மருந்தகத்துக்குப் போகிறேன் என்று சொன்னால் போதும். மருந்துக்காகவே கட்டணம் கட்டியவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

மறுபக்கம் பால், முட்டை, ரொட்டி, வாழைப்பழம், வெங்காயம், தக்காளி. இந்த அன்றாடப் பொருள்களில் ஆல்டியும் வால்மார்ட்டும் ஒன்றோடொன்று போட்டி போட்டு விலையைத் தாழ்த்தி வைத்திருக்கின்றன. சின்ன அளவில், தேவைக்கு மட்டும் வாங்கிக்கொள்ளலாம். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், மல்லித்தூள் எல்லாம் அரைத்த பின் மணம் இழப்பவை, பெரிய ஜாடியில் வாங்கினால் கடைசிப் பாதி நிறம் மட்டுமே தரும். முழுக் கோதுமை மாவில் முளைப்பகுதியின் எண்ணெய் இருப்பதால் அதுவும் நெடுநாள் நிற்காது, கைக்குத்தல் அரிசிக்கும் இதே குறைதான். துவரம்பருப்பு, உளுந்து, இட்லி அரிசி ஆகியவற்றை எல்லா ஊர்க் கிடங்குக் கடையிலும் எதிர்பார்க்க முடியாது, ஆல்டியிலும் முடியாது. அவற்றுக்கு இந்திய மளிகைக் கடைதான். அங்கும் பத்து பவுண்டு மூட்டையை வாங்குமுன் பூச்சி வராமல் வைக்க இடம் இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும். வாங்கியவுடன் சிறு பைகளாகப் பிரித்து உறைபெட்டியில் நான்கு நாள் வைத்து எடுத்தால், தானியத்தோடு வந்திருக்கும் பூச்சி முட்டைகள் அழியும்.

கிடங்குக் கடையின் அமைப்பே வாங்கவைப்பதற்கானது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். காஸ்ட்கோவின் சுட்ட முழுக்கோழி பல ஆண்டுகளாக 4.99 டாலர்தான். அந்த விலையைக் காப்பாற்றுவதற்காகவே நிறுவனம் 2019இல் நெப்ராஸ்காவில் சொந்தக் கோழி ஆலை தொடங்கியது. அந்தக் கோழி கடையின் கடைசி மூலையில் இருக்கிறது. அதை எடுக்கப் போகிறவர் தொலைக்காட்சிகள், துணிகள், தின்பண்டங்கள் எல்லாவற்றையும் கடந்துதான் போக வேண்டும். கோழியில் மிச்சம் பிடித்த மூன்று டாலர், வழியில் எடுத்த நாற்பது டாலர் போர்வைக்கு ஈடாகாது.

விலையை ஒப்பிட நம்மிடம் இருக்கும் ஒரே நம்பகமான கருவி அலகு விலை, அதாவது ஒரு அவுன்ஸுக்கோ ஒரு பவுண்டுக்கோ எவ்வளவு என்பது. பெரிய பொட்டலம்தான் எப்போதும் மலிவு என்ற நம்பிக்கை தவறு. சிறிய பொட்டலத்துக்குச் சலுகை விலை வைத்திருக்கும் வாரத்தில் பெரியதன் அலகு விலை அதைவிட அதிகமாக இருப்பது உண்டு. பொட்டலத்தின் மேல் நிகர எடை அச்சிடப்பட வேண்டும் என்று 1966ஆம் ஆண்டின் ஃபெடரல் சட்டம் சொல்கிறது. அலகு விலையைத் தட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று நாடு முழுவதற்கும் பொருந்தும் சட்டம் எதுவும் இல்லை. மாசசூசெட்ஸ், கனெடிகட், நியூயார்க், நியூ ஜெர்சி உள்ளிட்ட சில மாநிலங்கள் அதைக் கட்டாயமாக்கியுள்ளன. மற்றப் பல மாநிலங்களில் கடை விரும்பினால் எழுதலாம். எழுதினாலும் ஒரு கடை அவுன்ஸில் எழுதும், இன்னொன்று பவுண்டில் எழுதும், தாள் வகைகளில் ஒன்று சுருளுக்கும் மற்றொன்று நூறு தாளுக்கும் எழுதும். ஒரு பவுண்டு 16 அவுன்ஸ் என்பதை மனத்தில் வைத்துக் கைபேசியில் வகுத்துப் பார்ப்பதுதான் இப்போதைக்கு வழி. எண்ணெய்க்குப் போடும் திரவ அவுன்ஸ் கொள்ளளவைக் குறிப்பது, எடையை அல்ல. நெய் டப்பா ஒன்றில் எடையும் இன்னொன்றில் கொள்ளளவும் போட்டிருந்தால் இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது.

பயத்தில் குவித்து வாங்குவது வேறொரு ஆபத்து. 2023 ஜூலை 20 அன்று இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தபோது, அமெரிக்காவின் இந்தியக் கடைகளிலும் கிடங்குக் கடைகளிலும் சோனா மசூரி மூட்டைகளுக்குக் கூட்டம் முண்டியடித்தது. சில கடைகள் குடும்பத்துக்கு ஒரு மூட்டை என்று வரம்பு போட்டன, விலையும் ஏறியது. ஏறிய விலைக்கு ஆறேழு மூட்டை வாங்கி அடுக்கியவர்கள், ஓராண்டு அரிசிக்கு அந்தப் பதற்ற நாளின் விலையைக் கொடுத்தார்கள். 2024 செப்டம்பரில் தடை விலக்கப்பட்டது. மொத்தமாக வாங்குவது மலிவாவது விலை தாழ்ந்திருக்கும்போது வாங்கினால் மட்டுமே.

இதற்கெல்லாம் எதிர்வாதங்கள் உண்டு, அவை நியாயமானவையும்கூட. எங்கள் வீட்டில் ஆறு பேர், ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் ஆறு மாதம் எட்டுப் பேர், வாரக்கடைசியில் விருந்தாளிகள் என்பார்கள் சிலர். அவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு விடை தரும். வேகமாகத் தீரும் வீட்டில் வீணாவது குறைவு, அட்டை லாபமே. ஆனால் பெற்றோர் ஊர் திரும்பிய பின்பும் அதே அளவில் வாங்கிக்கொண்டிருப்பதுதான் பல வீடுகளில் நடப்பது. எல்லாவற்றையும் உறைபெட்டியில் வைத்துவிடுவோம் என்பார்கள் இன்னும் சிலர். பூஜ்ய டிகிரி ஃபாரன்ஹீட்டில் இறைச்சி கெட்டுப்போகாது என்பது உண்மைதான். ஆனால் பச்சைக் கோழியைக் குளிர்பெட்டியின் சாதாரண அறையில் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறது வேளாண் துறை. வாங்கி வந்த அன்றே நறுக்கிப் பிரித்துத் தேதி எழுதி உறையவைக்க நேரமில்லாதவர் ஐந்து கிலோ கோழி வாங்குவதில் அர்த்தமில்லை. இதற்கென்றே கேரேஜில் இரண்டாவது உறைபெட்டி வாங்கினால் அதன் விலையும் மின்கட்டணமும் சேர்ந்துதான் அந்தக் கோழியின் விலை. கிடங்குக் கடையின் தரம் மேல் என்ற வாதத்தையும் மறுக்கத் தேவையில்லை. பல பொருள்களில் தரம் நன்றாகவே இருக்கிறது. அப்படியானால் அந்தப் பொருளை அங்கே வாங்குங்கள், அதற்காக மற்ற இருபதையும் அங்கேயே வாங்க வேண்டியதில்லை. இரண்டு கடைக்கு அலைய நேரமும் பெட்ரோலும் ஆகாதா என்ற கேள்விக்கு, கெடாத பொருள்களுக்காகக் கிடங்குக் கடைக்கு ஆறு வாரத்துக்கு ஒரு முறை போனால் போதும் என்பதே பதில். வாரந்தோறும் போவதுதான் செலவு.

நான்கு குடும்பங்கள் சேர்ந்து பங்கிட்டுக்கொள்வது நல்ல வழி, நம்மவர்களிடம் இயல்பாகவே இருக்கும் பழக்கம். அட்டையை மற்றவரிடம் கொடுப்பதை விதிகள் அனுமதிப்பதில்லை, அட்டை வைத்திருப்பவர் வாங்கி வந்து பிரித்துக் கொடுப்பதில் சிக்கலில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பொட்டலத்தைப் பிரித்தவுடன் உட்பொருள் பட்டியலும் தயாரிப்பு எண்ணும் ஒருவர் வீட்டில் தங்கிவிடும். நிலக்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தை அடுத்த வீட்டில் இருக்கலாம், அந்தச் சரக்கு பின்னால் திரும்பப் பெறப்படலாம். பிரிப்பதற்கு முன் மேலட்டையைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டால் போதும்.

மிகக் கனமான எதிர்வாதம் ஏழைக் குடும்பங்களைப் பற்றியது. மொத்தமாக வாங்கினால் மிச்சம் என்று அறிவுரை சொல்வது எளிது. கையில் பணமும் வீட்டில் இடமும் வண்டியும் இல்லாதவர் எப்படி வாங்குவார்? கழிப்பறைத் தாள் வாங்கும் பழக்கத்தை வைத்து மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த ஆய்வு இதைத்தான் காட்டியது. குறைந்த வருமானக் குடும்பங்கள் பெரிய பொட்டலத்தையும் சலுகை வாரத்தையும் பயன்படுத்திக்கொள்ள முடியாமல், மலிவான பிராண்டை வாங்கியும் மிச்சத்தின் ஒரு பகுதியை இழக்கின்றன. ஸ்நாப் உணவு உதவி அட்டையைக் காஸ்ட்கோவும் சாம்ஸ் கிளப்பும் ஏற்கின்றன, ஆனால் அந்த உதவித் தொகையில் உறுப்பினர் கட்டணத்தைக் கட்ட முடியாது. வாசலுக்கே பணம் கேட்கும் கடையைவிட, கட்டணமில்லாமல் சிறிய அளவில் மலிவாக விற்கும் ஆல்டி வகைக் கடையே இந்தக் குடும்பங்களுக்கு நிஜமான பாதுகாப்பு. கடன் அட்டையில் 300 டாலருக்கு மொத்தமாக வாங்கி, இருபது சதவீதத்துக்கு மேல் வட்டியோடு மாதக்கணக்கில் அடைப்பவர், அலகு விலையில் மிச்சம் பிடித்த அனைத்தையும் வங்கிக்குக் கொடுக்கிறார். அலகு விலையை எல்லா மாநிலங்களும் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்பதற்கு இவர்களே முதல் காரணம். சிறிய பொட்டலத்தை வாங்கும் நிலையில் இருப்பவருக்கு, எந்தச் சிறிய பொட்டலம் மலிவு என்றாவது தெரிய வேண்டும்.

தவறு நடந்தால் என்ன செய்வது என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தட்டில் ஒரு விலையும் ரசீதில் அதைவிடக் கூடுதல் விலையும் இருந்தால், மிச்சிகன் மாநிலத்தில் 30 நாளுக்குள் கடைக்குத் தெரிவிக்க வேண்டும். கடை வித்தியாசத்தைத் திருப்பித் தருவதோடு, அந்த வித்தியாசத்தின் பத்து மடங்கை, குறைந்தது 1 டாலர், அதிகபட்சம் 5 டாலர் என்ற வரம்புக்குள், சேர்த்துத் தரலாம். தராவிட்டால் வழக்குப் போடும் உரிமை உண்டு. மற்ற மாநிலங்களில் எடை, அளவைத் துறையிடமோ அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவிடமோ புகார் செய்யலாம், தட்டு விலையைப் படமெடுத்து வைத்திருந்தால் புகார் நிற்கும். மனம் மாறியதற்காகப் பொருளைத் திருப்பி எடுக்க வேண்டும் என்று ஃபெடரல் சட்டம் எந்தக் கடையையும் கட்டாயப்படுத்துவதில்லை. காஸ்ட்கோவும் ஆல்டியும் தாராளமாகத் திருப்பி எடுப்பது அவற்றின் சொந்தக் கொள்கை, நாளை மாறலாம். குறையுள்ள பொருளின் நிலை வேறு. வழக்கமான பயனுக்குத் தகுதியற்ற பொருளை விற்ற கடைக்கு மாநில வணிகச் சட்டப்படியே பொறுப்பு உண்டு.

பொட்டலத்தின் மேல் இருக்கும் தேதியைப் பார்த்துப் பயந்து எறிவதும் வீண்செலவே. குழந்தைகளுக்கான பால்மாவு ஒன்றைத் தவிர, வேறு எந்த உணவுக்கும் தேதி போட வேண்டும் என்று ஃபெடரல் சட்டம் கேட்பதில்லை. ‘இந்தத் தேதிக்குள் சிறந்தது’ என்பது சுவையைப் பற்றிய குறிப்பு. கடைக்காரருக்காக எழுதப்படும் ‘இதற்குள் விற்க’ என்ற தேதி வாடிக்கையாளரைக் குழப்புகிறது என்பதால், கலிபோர்னியா 2024இல் இயற்றிய சட்டம் 2026 ஜூலை முதல் அதை உணவுப் பொட்டலங்களிலிருந்து நீக்குகிறது. பாதுகாப்பைப் பொறுத்தவரை கிடங்குக் கடைக்கு ஓர் அனுகூலமும் உண்டு. யார் எதை வாங்கினார்கள் என்ற பதிவு அதனிடம் இருக்கிறது. 2009-10இல் மிளகு பூசிய சலாமி இறைச்சியால் சால்மொனெல்லா பரவியபோது, நோய்க் கட்டுப்பாட்டு மையம் நோயாளிகளின் ஒப்புதலோடு அவர்களின் கடை உறுப்பினர் அட்டைப் பதிவுகளைப் பார்த்துத்தான் காரணத்தைக் கண்டுபிடித்தது. ஒரு சரக்கு திரும்பப் பெறப்பட்டால் அதை வாங்கியவரை அழைத்துச் சொல்லவும் அந்தப் பதிவு உதவும், ஆகவே உறுப்பினர் கணக்கில் தொலைபேசி எண்ணும் முகவரியும் சரியாக இருக்க வேண்டும். ஆல்டியில் வாங்குபவருக்கு இந்த அழைப்பு வராது, திரும்பப் பெறும் அறிவிப்புகளை அவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கட்டணத்தைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று, அது திரும்பக் கிடைக்கும் என்பது. திருப்தி இல்லை என்று உறுப்பினர் சொன்னால் எந்த நேரத்திலும் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தருவதாகக் காஸ்ட்கோ எழுதி வைத்திருக்கிறது. சாம்ஸ் கிளப்பும் இதே உறுதியைத் தருகிறது. எக்ஸிக்யூட்டிவ் அட்டைக்குக் கிடைத்த இரண்டு சதவீதம் கூடுதல் கட்டணத்தை ஈடுகட்டவில்லை என்றால், அடிப்படை அட்டைக்கு மாறும்போது அந்த வித்தியாசத்தையும் கேட்டு வாங்கலாம். கட்டணம் தானாகப் புதுப்பிக்கப்படும்படி கடன் அட்டை இணைக்கப்பட்டிருக்கிறதா என்று கணக்கில் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்து செய்த பின்பும் பிடித்தம் நடந்தால், அது முதலில் வந்த பில் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் அட்டை நிறுவனத்துக்கு எழுத்தில் மறுப்புத் தெரிவிக்க ஃபெடரல் சட்டம் உரிமை தருகிறது. புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பு, ஓராண்டு ரசீதுகளை உறுப்பினர் கணக்கிலிருந்து எடுத்து, அவற்றில் எறிந்தவற்றையும் ஆல்டியில் அதே விலைக்குக் கிடைத்திருக்கக்கூடியவற்றையும் அடித்துவிட்டு, மிஞ்சியதில் கிடைத்த லாபம் 65 டாலரைத் தாண்டுகிறதா என்று கூட்டிப் பாருங்கள். தாண்டவில்லை என்றால் வாடிக்கையாளர் சேவை மேசையில் அட்டையைக் காட்டிக் கட்டணத்தைக் கேளுங்கள்.